ஆட்டோவுக்கு ஒரு குரல்

திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சோதனைக்கூடத்தில், சுவரெல்லாம் பஞ்சு பொதிந்த ஓர் அறையில், ஓர் ஒலிமானி வாழ்ந்துவந்தது. எந்தச் சத்தத்தையும் எண்ணாகச் சொல்லிவிடும். எண் குறைந்தால் அதற்குச் சந்தோஷம், கூடினால் முகத்தைச் சுளிக்கும். வண்டிகளும் இசைக்கருவிகளும் அதன் முன்னால் கொஞ்சம் பயந்துகொண்டுதான் நிற்கும். அந்தக் கூடத்தில் பொருள்கள் பேசுவதை யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை.

ஒருநாள் பேட்டரி ஆட்டோ ஒன்று அங்கே வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் நோயாளிகளை ஏற்றிப்போவது அதன் வேலை. ஓட்டுபவள் ரோசலி. மோட்டார் கீச்சிடுகிறது, தரைத்தகடு கடகடக்கிறது, ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள் என்று கூடத்து இன்ஜினியர் தாட்சாயணியிடம் முறையிட்டாள்.

தாட்சாயணி ஆட்டோவை ஓடவிட்டுக் கேட்டாள். எங்கெங்கே சத்தம் என்று ஒலிமானி காட்டிக்கொடுத்தது. ஓரிடத்தில் ரப்பர் வைத்தார்கள், ஓரிடத்தில் திருகை முடுக்கினார்கள், மோட்டாருக்குப் போர்வை போர்த்தினார்கள். ஆட்டோ ஒவ்வொரு தடவையும் போதுமா என்று கேட்டது. ஒலிமானி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது. கடைசியில் ஆட்டோ ஓடுவது ஆட்டோவுக்கே கேட்கவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது.

அங்கே டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர் சவரிமுத்து. அவருக்குக் கண் தெரியாது. ஆனாலும் சாயங்காலம் கேன்டீனுக்குத் தனியாக நடந்துபோய் டீ குடிப்பார். அன்று அவர் ஒரு திருப்பத்தில் பாதையைக் கடந்தபோது ஆட்டோ எதிரே வந்துவிட்டது. ரோசலி பிரேக்கை மிதித்தாள். அவருடைய வெள்ளைக் கோல் சக்கரத்தில் சிக்கி முறிந்தது. அவர் நிலைகுலைந்து விழுந்தார்.

உள்ளங்கை சிராய்த்ததோடு தப்பினார். ஆனால் மறுநாளிலிருந்து அவர் வெளியே வரவில்லை. டீயை இருந்த இடத்துக்கே வரவழைத்துக் குடித்தார். மன்னிப்புக் கேட்கப் போன ரோசலியிடம் அவர் கோபப்படவில்லை.

"உங்களுக்கெல்லாம் வண்டி கண்ணுல வரும் தங்கச்சி. எனக்குக் காதுலதான் வரணும். உன் வண்டி வரவே இல்லையே."

ஆட்டோ வாசலில் நின்றபடி இதைக் கேட்டது.

ரோசலியும் ஆட்டோவும் மறுபடி சோதனைக்கூடத்துக்கு வந்தார்கள். தனக்கு ஒரு குரல் வேண்டும் என்றது ஆட்டோ. ஒலிமானிக்கு ரோஷம் வந்துவிட்டது. இருப்பதைக் குறைக்கத்தான் தனக்குத் தெரியும், இல்லாததை உண்டாக்கத் தெரியாது என்று திரும்பிக்கொண்டது. தாட்சாயணி விடவில்லை. சவரிமுத்துவையே அழைத்துவரச் செய்து, முற்றத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

முதலில் ஆட்டோவுக்கு ஒரு பீப் ஒலி வைத்தார்கள். சவரிமுத்து திடுக்கிட்டு எழுந்துவிட்டார். "ஏற்கெனவே ஆஸ்பத்திரியில நோயாளிங்க பயந்துபோய்க் கிடக்கிறாங்க மேடம்" என்றார்.

அப்போது அங்கே ஒரு வீணை இருந்தது. ஒரு தந்தி மட்டும் மங்கலாக ஒலிக்கிறது என்று சரிபார்க்க வந்திருந்தது. தன் நாதத்தைத் தருவதாக அது பெருமையோடு முன்வந்தது. அந்த நாதத்தோடு ஆட்டோ ஓடிவந்தபோது சவரிமுத்து தலையைச் சாய்த்து ரசித்தார். பக்கத்தில் வந்து நின்ற பிறகும் அசையவில்லை. "நல்லா இருக்கு. ஆனா ரோட்டுல இதைக் கேட்டா அங்கேயே நின்னுடுவேன்" என்றார்.

வீணைக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு தாட்சாயணியைக் கூப்பிட்டது.

"என் பாட்டை விட்டுடும்மா. மீட்டி முடிச்சப்புறம் என் குடத்துக்குள்ள ஒரு ரீங்காரம் நிக்குமே, அதை மட்டும் எடுத்துக்கோ. கொஞ்சம் சொரசொரப்பாவும் இருக்கட்டும். ரொம்ப வழுவழுன்னு இருந்தா எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு பிடிபடாது."

வேகம் கூடினால் ரீங்காரம் ஏறும்படி, குறைந்தால் இறங்கும்படி தாட்சாயணி அமைத்தாள். ஆட்டோ முற்றத்தைச் சுற்றியது. சவரிமுத்து சத்தம் வரும் பக்கம் விரலை நீட்டினார். ஆட்டோ இடப்பக்கம் போனால் விரல் இடப்பக்கம் போயிற்று. பின்னால் வந்தால் உடம்பும் சேர்ந்து திரும்பியது. ஆட்டோ நின்ற இடத்தில் விரலும் நின்றது.

எவ்வளவு காட்டுகிறாய் என்று தாட்சாயணி ஒலிமானியைக் கேட்டாள். அது அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு என்கிட்ட எண் இல்ல" என்றது மெதுவாக.

அடுத்த வாரம் ரோசலி வளாகத்தில் ஆட்டோவை ஓட்டிவந்தாள். பின்சீட்டில் ஒரு நோயாளி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். தூரத்தில், புதுக் கோலோடு சவரிமுத்து தனியாகப் பாதையோரம் நின்றிருந்தார். ஒதுங்கிக்கொள்வார் என்று நினைத்து அவள் வேகத்தைக் குறைத்தாள்.

அவர் ஒதுங்கவில்லை. ஆட்டோ வரும் திசைக்குத் திரும்பி, கையை உயர்த்தி அதை நிறுத்தினார்.

"இடம் இருக்கா தங்கச்சி?"