மேலத்தெருவுக்கும் சேர்த்து

கிறிஸ்தவ சபையின் குருவானவர் ஏசுவடியான் ஐயர் வயதில் இளையவர். அவருக்குத் துணையாக ஊழியம் செய்யும் உபதேசியார் மாசிலாமணிக்குத் தலை முழுக்க நரை. ஆனாலும் கோவிலில் ஐயர்தான் குரு, உபதேசியார் சீடர். அதில் மாசிலாமணிக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனத்தில் சாம்பார் சோறு போதும் என்றார் ஐயர். ஆடு கொடுப்பதாக இருந்த மேலத்தெரு வேதமாணிக்கத்துக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆட்டில் தொடங்கிய சண்டை, "இந்த ஐயரு கையால திருவிருந்து வாங்க மாட்டோம்" என்பதில் வந்து நின்றது.

அப்பமும் திராட்சரசமும் வாங்கும் அடுத்த திருவிருந்தன்று மேலத்தெருவார் கோவிலுக்கு வந்தார்கள். ஆனால் கீழத்தெருவார்தான் ரசம் வாங்க எழுந்துபோனார்கள்; இவர்கள் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. எல்லாருக்கும் என்று உபதேசியார் ஊற்றி வைத்த திராட்சரசம் பாதிக்குமேல் மிஞ்சிவிட்டது.

ஜெபித்த ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது. மிஞ்சியதைக் குருவானவரே குடித்துத் தீர்க்க வேண்டும். துணைக்கு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளலாம்.

"நீங்களும் கொஞ்சம் குடிங்க, உபதேசியாரே."

மாசிலாமணி ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே வேதமாணிக்கம் தன் ஆட்களோடு நின்றிருந்தார். ஐயர் பக்கம் சாய்ந்துவிட்டதாக ஊர் பேசுமே என்று பயம் வந்தது.

"எனக்கு வயிறு சரியில்ல ஐயா."

ஐயர் வற்புறுத்தவில்லை. முழுவதையும் தாமே குடித்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத வயிறு. கோவில் படி இறங்கும்போது கால் தடுமாறியது. விழாமல் கையைப் பிடித்தவர் வேதமாணிக்கம்தான். பிடித்த கையை விடாமலே கத்தினார்.

"ஐயரு குடிச்சிருக்காரு! எல்லாரும் வந்து பாருங்க!"

சபைக் கூட்டம் கூடியது. ஐயருக்குக் குடிப்பழக்கம் உண்டு என்றார் வேதமாணிக்கம். மிஞ்சியதை ஐயர் குடிப்பது முறை என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயரும் வாய் திறக்கவில்லை.

வேதமாணிக்கம் உபதேசியார் பக்கம் திரும்பினார்.

"நீரு பக்கத்துலதான நின்னீரு? வாடை வந்துச்சா, இல்லியா?"

"வந்துச்சு."

இன்னும் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். மாசிலாமணி சேர்க்கவில்லை. பேராயர் விசாரிக்கப் போகிறார், ஐயரின் அங்கி பறிபோனாலும் போகும் என்று பேசிக்கொண்டே கூட்டம் கலைந்தது. அன்றிலிருந்து மாசிலாமணியால் ஐயரின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

விசாரணைக்கு முன்பே மறுபடியும் திருவிருந்து வந்தது. முந்தின நாள் சாயங்காலம், ரசக் குப்பியோடு வந்த உபதேசியார் தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஐயா, கூட்டத்துல நீங்க ஏன் சொல்லல?"

"என்னன்னு?"

"அவங்க குடிக்காம விட்டதைத்தான் குடிச்சேன்னு."

"சொன்னா, மேலத்தெருவாலதான் வந்துச்சுன்னு அத்தனை பேரும் அவங்களை ஏசுவாங்க. அதுக்கப்புறம் எந்த முகத்தோட அவங்க திரும்பி வருவாங்க?"



"நானாவது சொல்லியிருக்கணும் ஐயா."

ஐயர் ரசப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கீழத்தெருவுக்கு மட்டும் ஊத்துதேன். மிஞ்சாது. உங்களுக்கும் பழி வராது."

ஐயர் குப்பியை அவர் கையிலிருந்து வாங்கினார். பாத்திரம் நிறைய ஊற்றினார்.

"ஐயா, மேலத்தெரு வராது. இவ்வளவும் மிஞ்சும்."

"நாளைக்கு வேதமாணிக்கம் வந்து முழங்கால் போட்டா, ரசம் தீந்துபோச்சுன்னு யாரு சொல்ல?"

மாசிலாமணி குப்பியைத் திரும்ப வாங்கி மூடினார்.

"மிஞ்சினா நானும் குடிக்கேன் ஐயா. எல்லாரும் பாக்க, வாசல்ல நின்னு குடிக்கேன்."

ஐயர் பாத்திரத்தை வெள்ளைத் துணியால் மூடினார். திரும்பி, உண்மையான கவலையோடு கேட்டார்.

"வயிறு சரியாயிட்டா, உபதேசியாரே?"