சரக்காகிப்போன போர்க்கப்பல்

ஈரோட்டில் ஞாயிறுதோறும் கூடி, தாங்களே வரைந்த கப்பல்களை வைத்துப் பகடை உருட்டி விண்வெளிப் போர் ஆடும் குழு ஒன்று இருந்தது. அதற்கு விதிப்புத்தகம் எழுதியவர் மகுடேசுவரன். அவர் வைத்ததுதான் சட்டம். லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கும் செண்பகவல்லி அதில் சேர வந்தாள்.

"லோடு ஏத்துறவளுக்கு விண்கப்பல் எதுக்கும்மா?" என்று சிரித்தார் அவர். "சரி, ஒரு சரக்குக் கப்பல் வரைஞ்சு கொண்டா. ஒரு பீரங்கிகூட இருக்கக் கூடாது. ஆனா என் போர்க்கப்பலை ஜெயிக்கணும். முடியலைன்னா இந்தப் பக்கமே வராதே."

மறுவாரம் அவள் கொண்டுவந்த படத்தில் மலை போல ஒரு வெற்றுக் கூடும், முன்னால் ஒரு கதவும் மட்டுமே இருந்தன. எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டம் தொடங்கியது. மகுடேசுவரன் இரண்டு முறை சுட்டார். கூட்டில் ஓட்டை விழுந்ததே தவிர அது நிற்கவில்லை. நேரே வந்து அவர் கப்பலை விழுங்கிக் கதவைச் சாத்திக்கொண்டது.

"உள்ளேயிருந்தே சுடுவேன்!" என்று எகிறினார் அவர்.

"முடியாதுங்க. மூடின கப்பலுக்குள்ள இருக்கிறது எதுவானாலும் சரக்குன்னு நாற்பதாம் பக்கத்துல நீங்கதானுங்க எழுதியிருக்கீங்க. சரக்கு எங்கேயாச்சும் சுடுமுங்களா?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார், படித்தார், மெல்ல மூடிவைத்தார்.

செண்பகவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்க இறக்கணும்னு சொல்லுங்க சார், கீறல் படாம இறக்கிடறேன்."