மறுப்புச் செம்பு

"இன்னைக்காவது ராஜாகிட்டே கேட்டீங்களா?"

"அவருக்குத் தலைவலி, உமையாள். மனசு சரியில்லே."

"ஏழு வருஷமாவா தலைவலி? மருந்து அரைக்கிறவ நான். எனக்குத் தெரியாத தலைவலியா?" அரைத்த கையைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள். "நாளைக்குக் கேக்கலேன்னா இனிமே கேக்கவே வேண்டாம்."

சபைக்கு நடந்துகொண்டிருந்த விகடகவி அம்பலவனின் காதில், நேற்று மருந்தறை வாசலில் நடந்த இந்தப் பேச்சே ஒலித்துக்கொண்டிருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்பு அந்த நாட்டு அரசருக்கு, எல்லோரும் தலையாட்டுவது அலுத்துப்போனது. "வேண்டாம் என்று சொல்லவும் ஒருவர் வேண்டும்" என்று ஆசைப்பட்டு, சபை கூடும் நாளெல்லாம் விடியலில் தம் கையாலேயே ஒரு வெண்கலச் செம்பில் நீர் நிரப்பி, மந்திரி முனையரையர் முன் வைத்தார். மந்திரி அதைக் கவிழ்த்து நீர் தரையில் சிந்திவிட்டால், அரசரும் சபையும் சேர்ந்து சம்மதித்த காரியமும் நின்றுவிடும். பன்னிரண்டு வருஷம் அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

தாம் பேசினால் கொட்டாவி விடும் அரசர், அம்பலவன் பேசினால் சிரிக்கிறாரே என்று மந்திரிக்கு வயிற்றெரிச்சல். அம்பலவன் படகுத்துறைக்கு ஒரு பந்தல் கேட்டான், செம்பு கவிழ்ந்தது. கிழட்டு யானைக்கு ஓய்வு கேட்டான், கவிழ்ந்தது. அரசர் உண்ணும் மருந்தைத் தொடுகிறவள் மணம் செய்யச் சபையின் ஒப்புதல் வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு, அதுவும் கவிழ்ந்தால்? பன்னிரண்டு வருஷம்! அதனால்தான் ஊரையே சிரிக்கவைத்தவன் இதில் மட்டும் ஊமையாக இருந்தான்.

அன்று சபையில் அம்பலவன் எழுந்தான். மந்திரியின் கை செம்பைத் தேடியது.

"அரசே, ஏழு வருஷமாகச் செம்பைத் தூக்கி மந்திரியாரின் கை களைத்துவிட்டது. நாளை முதல் அது என் முன் இருக்கட்டும்."

செம்பால் ஆளுக்கொரு காரியத்தை இழந்திருந்த சபையினர், "ஆகட்டும், ஆகட்டும்!" என்று குரல் கொடுத்தார்கள்.

"எனக்கும் சம்மதமே" என்றார் அரசர்.

முனையரையரின் முகம் வெளுத்தது. செம்பே போய்விட்டால் தமக்கு என்ன மிச்சம்? சட்டென்று கவிழ்த்தார். நீர் படியில் வழிந்தோடியது.

"பன்னிரண்டு வருஷத்துக்கு இந்தப் பேச்சை எடுக்காதே!"

"எடுக்க மாட்டேன், மந்திரியாரே. செம்பு உங்களுடையதுதான்" என்று கும்பிட்டான் அம்பலவன். "அரசே, எனக்கு இன்னொரு விண்ணப்பமும் உண்டு."

மந்திரி மறுபடி செம்பைக் கவிழ்த்தார். ஆட்டினார். தட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை.

"யாரங்கே! தண்ணீர் கொண்டு வா!"

"நிரப்ப வேண்டியது அரசரின் கை. அதுவும் விடியலில், ஒரே ஒரு முறை. முறை அப்படித்தானே?" என்றான் அம்பலவன் பணிவாக.

"அரசே, இது சூழ்ச்சி! தாங்களே இப்போது நிரப்பித் தர வேண்டும்!"

அரசர் தம் இரண்டு கைகளையும் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "முனையரையரே, நாட்டுக்குத் தீங்கு வந்தால் தடுக்கத்தான் இதை உம்மிடம் தந்தேன். நீரோ இவன் கேட்டதையெல்லாம் தடுத்தே காலம் கழித்தீர். இன்று செம்பைக் காப்பாற்றவே செம்பைக் கவிழ்த்துவிட்டீர்!" பிறகு திரும்பினார். "கேள், அம்பலவா. இத்தனை நாள் சிரிக்கவைத்ததற்கும் சேர்த்து, எதைக் கேட்டாலும் தந்தேன். சபையோரே, என்ன சொல்கிறீர்கள்?"

"ஆகட்டும்!"

அம்பலவன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை.

"என்னடா, உன் செம்பும் காலியா?" என்றார் அரசர்.

சபை சிரித்தது. அம்பலவன் சிரிக்கவில்லை. வியர்த்த கைகளைக் கூப்பினான்.

"மருந்தறை உமையாளை நான் மணந்துகொள்ள வேண்டும், அரசே."