வளையல் சத்தம்

சங்ககிரி பைபாஸ் ஓரம், மூடிக்கிடந்த பழைய எடைமேடைக்குப் பின்னால் ஒரு குரு இருந்தாள். பெயர் பாவாயி. வயது முப்பத்திரண்டு. லாரிக்காரர்களிடம் பாலியல் தொழில் செய்பவள். சிஷ்யை சௌந்தரத்துக்கு நாற்பத்தாறு. தொண்டு நிறுவனமொன்றில் புதிதாகச் சேர்ந்த களப்பணியாளர். அங்கிருந்த பெண்கள் பாவாயி பேச்சைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்பதில்லை என்று தெரிந்ததும், போய் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அதில் இருவருக்கும் குறையொன்றும் இல்லை.

மார்கழிக் காலை. பனியில் சாலையே காணோம். லாரிகளின் விளக்குகள் மட்டும் தரையில் படாமல் மிதந்து போயின. இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறோமோ என்று சௌந்தரத்துக்குச் சந்தேகம்.

பையிலிருந்து பெண்ணுறைப் பொட்டலத்தை எடுத்தாள். பெண்ணே உள்ளே அணிந்துகொள்ளும் மெல்லிய பை. எச்.ஐ.வி. அண்டாமல் காக்கும். ஆண் உறை போட மறுத்தாலும் கவலையில்லை. மூன்று நாள் பயிற்சியில் எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

“இத்தனை நல்லதை ஏன் பாவாயி எல்லாரும் வேண்டாங்கறாங்க?”

“சத்தம் போடுமுங்க்கா. சரசரன்னு. வந்தவன் என்னன்னு கேப்பான்.”

“அப்ப நீ?”

பாவாயி கையை உதறினாள். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்கள் கலகலத்தன.

“பூ வெக்கும்போதே இதையும் வெச்சுக்குவேன். அப்புறம் வளையல். ஆறு வருசமா ஒருத்தன் காதுலயும் சரசரப்பு விழுந்ததில்ல.”

சௌந்தரம் வாய்விட்டுச் சிரித்தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள். பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர்கூட வளையலைப் பற்றி வாய் திறக்கவில்லையே!

“அப்ப ஆளுக்கு ரெண்டு டஜன் வளையல் வாங்கிக் குடுத்தா எல்லாரும் போட்டுக்குவாங்களா?”

பாவாயி பொட்டலத்தைச் சௌந்தரத்தின் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

“உங்கூட்டுக்காரரு எப்ப வர்றாரு?”

“வெள்ளிக்கிழமை. குஜராத்துக்கு லாரியில லோடு.”

“நீங்க ஒருக்கா போட்டுப் பாருங்க. அப்புறம் வந்து கேளுங்க.”

“நானா?”

“குரு சொன்னா கேக்கோணும்.”

திங்கட்கிழமை காலை, அதே பனிக்குள் சௌந்தரம் வந்தாள். பிரிக்காத பொட்டலத்தை எடைமேடைத் திண்டில் வைத்தாள்.

“பீரோவுல வெச்சேன். எடுத்தேன். மறுபடியும் வெச்சேன். இருவது நாள் கழிச்சு வந்த மனுசன். இதைப் பாத்துட்டு, என்னையச் சந்தேகப்படுறியான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? தாலி கட்டினவரு, பாவாயி. நல்ல மனுசன்.”

எதற்கெடுத்தாலும் கேலி பேசும் குரு அன்று சிரிக்கவில்லை. சௌந்தரத்துக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்கெல்லாம் சொல்ல வந்த வாய், சொந்த வீட்டில் அடைத்துப்போனது.

“மறுபடி எப்பக் கெளம்பறாரு?”

“நாளைக்கு.”

பாவாயி இடுப்புப் பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தாள். ஒரு மாத்திரையை வாயில் போட்டு, ஆறிப்போன டீயோடு விழுங்கினாள். அந்த டப்பாவைச் சௌந்தரத்துக்குத் தெரியும். பயிற்சியில் காட்டியிருந்தார்கள். எச்.ஐ.வி. வந்தவர்கள் தினமும் வேளை தவறாமல் சாப்பிடும் மாத்திரை.

“பாவாயி! நீதான் வளையல் போட்டிருந்தியே?”

பாவாயி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். தன் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அந்தக் கையில் ஏற்றத் தொடங்கினாள். பனிக்குள் எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“மேட்டூர்க்காரரு ஒருத்தரு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. எம்புள்ளைக்குச் செருப்பு வாங்கிட்டு வருவாரு. நல்ல மனுசன். அவரு வர்ற அன்னிக்கு மட்டும் வளையலைக் கழட்டி வெச்சிருவேனுங்க்கா.”