வருகைப் பதிவேடு

இக்கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர், நான் பணியில் சேர்ந்த பள்ளியின் தலைமையாசிரியை ஞானசுந்தரி அம்மையார்.

ஆற்றங்கரை மடமொன்றில் சிற்றம்பலம் காரியஸ்தராக இருந்தார். அறுபதை நெருங்கியும் ஓட்டம் குறையவில்லை. கால்மணிக்கொரு வேலையெனக் கரும்பலகையில் எழுதி, எழுதியபடியே நடத்துவார். வாயிலில் உள்ள வருகைப் பதிவேட்டையும் அவரே எழுதுவார். மாலை வழிபாட்டுக்கு மணி அடிப்பவரும் அவரே; அடித்த கையோடு அரிசி அளக்க ஓடிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மடத்தின் தலைவி உலகம்மையிடம் வந்து நின்றார். அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"தாயே, நான்கு ஆண்டுகளாக மணி அடிக்கிறேன், ஒருநாளும் சந்நிதியில் உட்கார்ந்ததில்லை. என் பலகையில் இறைவனுக்கு எங்கே இடம் விடுவது?"

"பதிவேட்டைக் கொண்டு வாரும். கடந்த மூன்று வெள்ளிக்கிழமைகளையும் வாசியும்."

"பொன்னுத்தாய், கடையம். வந்தது மூன்று மணி. சென்றது மூன்றே முக்கால். வந்த காரியம்…" அதோடு ஏட்டை மூடப் போனார்.

"நிறுத்தாதீர்."

"தம்பியைப் பார்க்க. பார்க்கவில்லை."

அடுத்த வெள்ளி, முப்பத்தைந்து நிமிடம். பார்க்கவில்லை. அதற்கடுத்தது, ஐம்பது நிமிடம். பார்க்கவில்லை. மூன்றும் அவர் கையெழுத்தே, ஓரெழுத்தும் கோணவில்லை.

"இன்று?"

"என் அக்காள் வாயிலில் இருக்கிறாள், தாயே. இப்போதுதான் பதிந்தேன். நாளை மகனோடு வடக்கே நாகபுரிக்குப் போகிறாள். இனித் திரும்புவது அரிது. ஆனால் மூன்றரைக்கு விறகு வண்டி, நான்கு மணிக்கு…"

அம்மை எழுந்து, ஈரத்துணியால் பலகையைத் துடைத்தார். மூன்றரை போயிற்று. நான்கும் போயிற்று. ஐந்தும் போயிற்று.

"தாயே, அரிசி!"

மடைப்பள்ளியிலிருந்து சமையற்காரர் தலையை நீட்டினார். "அரிசி உங்களைக் கேட்டா வேகுது, ஐயா? நான் அளந்துக்கிடுதேன். போங்க!"

வாயிலில் அக்காள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னலே, இன்னைக்கும் நோட்டுல எழுதத்தான் வந்தியா?"

"இல்லக்கா. உட்கார வந்தேன்."

அப்போது மணி மூன்று இருபது. அவள் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு தூக்குவாளியைத் திறந்து அதிரசம் கொடுத்தாள். ஐந்து மணிக்கு வேறு யாரோ மணி அடித்தார்கள். சிற்றம்பலம் அக்காளின் கையைப் பிடித்துச் சந்நிதிக்குள் அழைத்துச் சென்றார். இருவரும் அருகருகே அமர்ந்தார்கள். நெடுநாளைக்குப் பின் அவருக்கு மூச்சு நிதானமாக வந்தது.

ஐந்தரைக்கு வாயிலில் வந்து நின்ற பேருந்தில் அவளை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, பதிவேட்டின் அருகே அம்மை நின்றிருந்தார்.

"அக்காளின் நேரம் உம்மிடம் எவ்வளவு பாக்கி நின்றது?"

அவள் காத்திருந்த மூன்று வெள்ளிகளையும் அவர் கூட்டிச் சொன்னார்.

"திருப்பியாயிற்றா?"

"ஆயிற்று, தாயே. ஆனால், அதில் அரைமணி இறைவனுடையது. அதையும் அவள் கணக்கில் சேர்க்கலாமா?"

"அவள் எங்கே இருந்தாள்?"

"என் பக்கத்தில்."

"பிறகென்ன? எழுதும்: இரண்டு மணி பத்து நிமிடம்."