யாருக்கும் பசிக்காத பந்தி

மடியில் முருங்கைக்கீரை இரண்டு கட்டு இருக்கிறது. உருவி முடிக்கிறதுக்குள் சொல்லிவிடலாம், சின்னக் கதைதான்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் கருங்கோட்டைச் சீமையைத் திருமுடிராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான், ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடக்கணும். ஒருநாள் காலையில் எழுந்ததும், "என் ஜனங்களுக்கு ஒரு வைத்தியசாலை வேணும்" என்றான். அரண்மனைக்கு எதிரிலேயே கட்டினார்கள். நூறு கட்டில், நூறு மெத்தை, வாசலில் இரண்டு கல்யானை. மருந்து எல்லாருக்கும் இலவசம் என்று பறையடித்தார்கள்.

ஆறு மாசம் கழித்து ராஜா எட்டிப் பார்த்தால், தொண்ணூறு கட்டில் காலி.

"என்ன பண்டிதரே, ஆளையே காணோம்?"

ராஜவைத்தியர் ஏகாம்பரப் பண்டிதர் மீசையை நீவிக்கொண்டார். "நல்ல சேதிதான் மகாராஜா! நோய் இருந்தால் வந்திருக்க மாட்டார்களா? வரவில்லை என்றால் நாட்டில் நோயே இல்லை."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பண்டிதர் அதோடு விட்டாரா? ஊர் ஊராய் இருக்கிற மருத்துவச்சிகள்மேல் அவருக்கு ரொம்ப நாளாய்ப் பொறாமை. தெருவில் தன்னைக் கண்டால் ஒதுங்குகிற ஜனம், அவர்களைக் கண்டால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிறதே என்று.

"நோயே இல்லாத நாட்டில் மருத்துவச்சிகளுக்கு எதுக்கு அரண்மனை நெல்? நிறுத்திவிட்டால் வைத்தியசாலைக்கு இன்னொரு மாடி எழுப்பலாமே."

"ஆகட்டும். ஓலை எழுதிக்கொண்டு வாரும். நாளைக்கு அறுவடை விருந்து முடிந்து வெற்றிலை போடும்போது முத்திரை வைக்கிறேன்."

நீர்மோர் கொடுக்க வந்த செவந்தி காதில் இதெல்லாம் விழுந்தது. மடப்பள்ளியில் வேலை செய்கிறவள். அதிர்ந்து பேசத் தெரியாது. மணலாற்றுக்கு அக்கரைப் பெண். வயிற்றில் ஆறு மாசம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் போகணும்.

அன்றைக்கு அவளுக்குக் கை வேலையில் ஓடவில்லை. முதல் பிரசவம்தான் நினைவில் ஓடியது. வெளியே அடைமழை. அம்மா ஊர் ராக்காயி மருத்துவச்சி முழங்கால் சேற்றோடு வந்து, "ஏட்டி, நான் வந்துட்டேன்ல, இனி என்ன பயம்?" என்று தலையைத் தடவியது. அந்தக் கையிலிருந்த வேப்பெண்ணெய் வாசம். அப்புறம் நாற்பது நாளும் தானே தேடிவந்து, வசம்பு உரைத்துப் பிள்ளை நாக்கில் தடவிவிட்டுப் போனது. நெல் நின்றுபோனால் ராக்காயியும் நாற்று நடத்தானே போகணும்? வைத்தியசாலைக்கு வரலாம் என்றால் ஆற்றில் ஓடம் எட்டு நாளைக்கு ஒருதரம். வலி எடுத்தால் ஓடம் வரும்வரை வயிற்றுப் பிள்ளை காத்திருக்குமா?

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. அறுவடை விருந்தன்று மடப்பள்ளி ஆட்களில் ஒருவருக்கு முறை வரும். பந்தி எழும்வரை அவர் வைத்ததுதான் சட்டம், ராஜாவே ஆனாலும் குறுக்கே பேசக்கூடாது. இலையில் உட்கார்ந்தவர் சாப்பிடாமல் எழுந்தால் பந்திக்கே அவமானம்.

அந்த வருஷம் முறை செவந்திக்கு.

மறுநாள் நூறு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. பரிமாறுகிறவர்கள் வாளியும் கரண்டியுமாய் மடப்பள்ளி வாசலில் வரிசையாய் நின்றார்கள். நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். சாம்பார் வாசம் மட்டும் கூடமெல்லாம் சுற்றிச் சுற்றி வந்தது.

"என்னம்மா, சோறு வேகலையா?" என்றான் ராஜா.

செவந்தி தூணைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் தயார் மகாராஜா. பன்னிரண்டு வகைக் கறி. யார் வேணும்னாலும் இங்கே வந்து வாங்கிக்கலாம்."

"இலையை விட்டு எப்படி எழுந்து வர்றது?"

நேரம் போனது. பண்டிதர் வயிறு கடமுடா என்றது, பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

செவந்தி ஆட்கள் பக்கம் திரும்பினாள். "நூறு இலையில ஒருத்தர்கூட வந்து கேக்கலை. இங்கே யாருக்கும் பசியே இல்லை போல. வாளியை உள்ளே கொண்டுபோங்க. நாளையிலேருந்து பரிமாற ஆளும் வேண்டாம். அவங்களுக்கு அளக்கிற நெல்லை வச்சு மடப்பள்ளிக்கு இன்னொரு மாடி எழுப்பிக்கலாம்."

"அடிப்பாவி, எனக்குக் கண்ணை இருட்டுது!" என்று ராஜா கத்தினான்.

"பசிச்சா வந்திருக்க மாட்டீங்களா மகாராஜா? பண்டிதரய்யா நேத்து அப்படித்தானே சொன்னாங்க."

ராஜா காலி இலையைப் பார்த்தான். பண்டிதரைப் பார்த்தான்.

"மருந்து இலவசம்தான் மகாராஜா" என்றாள் செவந்தி மெல்ல. "மருந்து இருக்கிற இடத்துக்கு வர்றதுதான் இலவசமில்லை. ஓடம் வரணும், கூலி போகும், கைப்பிள்ளையைப் பார்த்துக்க ஆள் வேணும். காய்ச்சல்ல கிடக்கிறவன் எழுந்து வரமுடியாமத்தான் கிடக்கிறான்."

ராஜா முதலில் முறைத்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஐயா பண்டிதரே, எழுந்திரும். பந்திக்கு அவமானம் வந்தால் அது உம்மோடு போகட்டும். வாளியை எடும்! நூறு இலைக்கும் நீரே குனிந்து பரிமாறும். நாளைக்கு மருந்துப் பையோடு அக்கரைக்குக் கிளம்பும், வீடு வீடாய்!"

பண்டிதர் சாம்பார் வாளியோடு குனிந்து குனிந்து போனதைப் பார்க்கணுமே! முதல் கை சோறு உள்ளே போனதும் ராஜா ஓலையை வாங்கி இரண்டாய் முறித்தான்.

"உனக்கு என்ன வேணும், கேளு தாயி."

"மருந்தையும் பரிமாறச் சொல்லுங்க மகாராஜா. அது போதும்."

ராஜா மருத்துவச்சிகளுக்கு நெல்லை இரட்டிப்பாக்கினான். மணலாற்றில் தினம் ஓடம் விட்டான். அதுக்கப்புறம் ரொம்பக் காலம் அந்தச் சீமையில் மருந்து தானே வாசல் தேடி வந்து, "யாரு படுத்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அப்படியும் ஒரு காலம் இருந்தது.

மூணு மாசம் கழித்து, அம்மா வீட்டில் செவந்திக்கு வலி எடுத்தது. ஆற்றில் வெள்ளம். ஆனால் ராக்காயி அதே முழங்கால் சேற்றோடு வாசலில் வந்து நின்று, "ஏட்டி, நான் வந்துட்டேன்ல" என்றாள். விடிகிறதுக்குள் பிள்ளை பிறந்தது. ராக்காயி துடைத்துக் கொடுத்த பிள்ளையைக் கையில் வாங்கின செவந்தி முதல் வார்த்தையாய் அதன் காதில் என்ன சொன்னாள் என்றால்… இருங்க, உள்ளேயிருந்து கூப்பிடறாங்க. இதோ வர்றேன் அத்தை, தொட்டில்ல முழிச்சுட்டானா? இன்னும் ரெண்டே காம்புதான், உருவிப் போட்டுட்டு வந்துடறேன்.