நடுவைக் காணாத வடை

முன்னொரு காலத்தில், உளுந்து வடையின் நடுவில் ஓட்டை இல்லாத அந்தக் காலத்தில், வடைப் பைத்தியம் பிடித்த அரசர் ஒருவர் ஒரு நாட்டை ஆண்டுவந்தார். அரண்மனைச் சமையல்காரர் சுட்டுக் கொடுத்தால் அவருக்குத் தொண்டையில் இறங்காது. மாறுவேடத்தில் கடைவீதிக்குப் போய், சொக்கம்மையின் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று சுடச்சுட வாங்கித் தின்ன வேண்டும்.

ஒருநாள் அப்படிப் போனவர், பத்து வடையை இலையில் கட்டச் சொல்லிப் பத்துக் காசை நீட்டினார்.

"வடைக்குப் பத்து, சரி. ராசாவோட வரி ஒரு காசு யார் தருவா?" என்றாள் சொக்கம்மை.

அரசரின் மடியில் வேறு காசில்லை.

"அப்போ ஒரு வடையை எடுத்து வச்சிட்டுப் போங்க" என்றாள் அவள். சுற்றி நின்ற கூட்டம் வேடிக்கை பார்க்க, அரசர் ஒரு வடையைத் தட்டில் திருப்பி வைத்தார். அந்த வரியைப் போட்டவர் அவர்தான். ஆனால் எந்த அரசருக்குத் தன் மேல் கோபம் வந்திருக்கிறது?

மறுநாள் சபையில் ஆணை பிறந்தது. "இனி கடைக்காரர் சொல்லும் விலையே வாங்குவோர் கொடுக்கும் விலை. அதற்கு மேல் வரி என்று ஒரு காசும் கேட்கலாகாது. பழைய விலை ஏறவும் கூடாது. விற்ற பத்துக் காசில் ஒரு காசு கருவூலத்துக்கு வந்தாக வேண்டும்."

சபை முழுக்க ஆகா, ஓகோ. விகடகவி அம்பலவாணன் மட்டும் எழுந்து நின்றான். "அரசே, பத்து வடை விற்றால் சொக்கம்மைக்கு மிஞ்சுவதே ஒரு காசுதான். அதையும் தாங்கள் எடுத்துக்கொண்டால் அவள் யாருக்காக அடுப்பில் வேக வேண்டும்?"

இதற்காகவே காத்திருந்தார் வரி அதிகாரி சேந்தனார். அம்பலவாணன் வாயைத் திறந்தாலே அரசர் சிரிக்கிறார் என்பதில் அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். "விகடகவியாரே வழி சொல்லட்டும், அரசே. பௌர்ணமிக்குள் வரி குறையாமல் வராவிட்டால் அந்தக் கடைக்குப் பூட்டு. வடையைச் சுருக்கி ஏமாற்றவும் வழியில்லை" என்று ஒரு வெண்கல வளையத்தை உயர்த்திக் காட்டினார். "ஒவ்வொரு வடையும் இந்த வளையத்தின் உள்விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும்."

"வளையம்தான் சட்டமா? வேறு அளவு ஏதும் உண்டா?" என்று கேட்டான் அம்பலவாணன்.

"வளையமே சட்டம்" என்றார் சேந்தனார். அரசரும் தலையசைத்தார்.

அம்பலவாணன் வந்து சொன்ன சேதி கேட்டுச் சொக்கம்மை கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அய்யா, இந்தச் சட்டியை விட்டா எனக்கு வேற பிழைப்பு இல்ல. பூட்டிட்டா நான் எங்க போவேன்?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அம்பலவாணன், சேந்தனாரிடமிருந்து வாங்கி வந்த வளையத்தைக் கையில் வைத்து உருட்டினான். கண்ணருகே வைத்து அதன் வழியாக அடுப்பைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான், மாவுப் பானையைப் பார்த்தான். திடீரென்று துள்ளி எழுந்தான்.

"சொக்கம்மா, மாவைத் தட்டு. இப்போ நடுவுல விரலை விட்டு ஒரு ஓட்டை போடு."

வடை பொன்னிறமாக மிதந்தது. வளையத்துக்குள் வைத்தால் விளிம்பு கச்சிதமாகத் தொட்டது. நடுவில் எடுத்த மாவோ பானையிலேயே மிச்சம். சொக்கம்மைக்குச் சட்டென்று பிடிபட்டது. "அப்போ பத்து வடை மாவுல பதினொண்ணு சுடலாம். அந்தப் பதினொண்ணாவது ராசாவுக்கு."

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. அந்தப் பதினொண்ணாவதையும் விக்கத்தானே போறே? அந்தக் காசுக்கும் சேந்தனார் வரி கேப்பாரே. ஒன்பது வடை மாவுல பத்து சுடு. பத்துக் காசு வரும். ஒண்ணு அரண்மனைக்கு, ஒன்பது வடை மாவுக்கு ஒன்பது காசு உனக்கு. நேத்து மாதிரியேதான்."

அடுத்த நாளிலிருந்து கடைவீதியே அல்லோலகல்லோலப்பட்டது. பழைய வடை நடுவில் வேகாமல் கொழகொழவென்று இருக்கும். புதிய வடையோ உள்ளும் புறமும் மொறுமொறு. ஒன்று தின்றவர்கள் இன்னொன்று கேட்டார்கள். பௌர்ணமிக்கு முன்பே சொக்கம்மையின் வரி கருவூலத்துக்கு வந்து சேர்ந்தது.

சேந்தனாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு தட்டு வடையோடு சபைக்கு ஓடிவந்தார். "மோசடி, அரசே. பாருங்கள், வடையில் நடுவே இல்லை."

அம்பலவாணன் அமைதியாக ஒரு வடையை எடுத்து வளையத்துக்குள் வைத்தான். விளிம்பு தொட்டு நின்றது. "தங்கள் வளையத்திலும் நடுவே இல்லையே, ஐயா. அதில் எது இருக்கிறதோ அதற்கு வடை சரியாக இருக்கிறது."

"அப்படியானால் நடு எங்கே போயிற்று?" என்றார் அரசர்.

"தங்கள் கருவூலத்துக்குத்தான், அரசே. வாங்குபவர் தரக்கூடாது, விலையும் ஏறக்கூடாது என்றால் வரி வடையிலிருந்துதான் வர வேண்டும்."

அரசர் வடையின் ஓட்டை வழியாகச் சேந்தனாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கடித்தார். மொறுக்கென்ற சத்தம் சபை முழுக்கக் கேட்டது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "நாடெங்கும் எல்லாக் கடைக்காரர்களும் இவ்வாறே செய்யட்டும்."

அம்பலவாணன் பதறிப்போனான். "வேண்டாம், அரசே. குயவர் பானையில் ஓட்டை போட்டால் யார் வாங்குவார்? நெசவாளர் வேட்டியில் போட்டால் யார் கட்டுவார்?"

அரசருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "சரி, விலை ஏறக் கூடாது என்ற ஆணையைத் திரும்பப் பெறுகிறேன். வரியையும் முன்கூட்டியே நினைத்து அவரவர் விலையை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் சொன்ன விலை சொன்ன விலைதான். வாங்கும் நேரத்தில் வடையைத் திருப்பி வைக்கச் சொல்லக் கூடாது." திருப்பி வைத்தது யார் என்று அப்போதுதான் சபைக்கு விளங்கியது.

சொக்கம்மையின் கடைக்கென்று எடுத்து வைத்திருந்த பூட்டைச் சேந்தனாரே திரும்ப எடுத்துப் போனார். அம்பலவாணனுக்கு அரசர் அந்த வெண்கல வளையத்தின் அளவிலேயே பொன்னால் ஒரு வளையம் செய்வித்துப் பரிசளித்தார்.

அவன் அதைக் கண்ணருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அரசே, நடுவைக் காணோமே?"

"அது வரிக்குப் போய்விட்டது" என்று சொல்லிவிட்டு, அரசர் அடுத்த வடையை எடுத்தார்.